வல்லாரை, மஞ்சள், பூசணம் பிடித்த கடலை: நான் தப்பாகப் படித்த ஆய்வுகள்

சாரல் சீசனில் எங்கள் தென்காசி வீட்டில் எதுவும் காயாது. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடக்கும். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமத்துப் போகும். குற்றாலத்தில் தண்ணீர் விழுதான்னு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் போதும்.

இந்த வருஷம் அந்த ஈரத்தில் பரணில் இருந்த நிலக்கடலைச் சாக்கில் பூசணம் பிடித்துவிட்டது. தோல் கறுத்து, சில பருப்பில் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி. "தூரப் போட்டுருவோம்மா" என்றேன். அம்மா சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"எதுக்குய்யா? நீதானே சொன்ன, மஞ்சள் போட்டா இந்த விஷமெல்லாம் முறிஞ்சிரும்னு. மஞ்சப்பொடியும் உப்பும் போட்டு வறுத்துத் தாரேன். வல்லாரைப் பொடியும் வீட்லதான் இருக்கு."

சொன்னது நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் பூஞ்சை நஞ்சு பற்றிச் சில ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, 'நம் அடுக்களையிலேயே மூளைக்குக் கவசம் இருக்கிறது' என்ற தொனியில் இங்கே ஒரு குறிப்பு எழுதினேன். வீட்டிலும் பெருமையாகச் சொன்னேன். நான் படித்தவர்கள் யாரும் பூசணம் பிடித்த கடலையைத் தின்னச் சொல்லவில்லை. ஆனால் முறிமருந்து இருக்குன்னு நம்புகிற வீட்டில், நஞ்சைத் தூக்கிப் போடுகிற அவசரம் குறைந்துவிடுகிறது. அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் அதே கட்டுரைகளை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை சுருக்கத்தை விட்டுவிட்டு, செய்முறைப் பகுதியிலிருந்து ஆரம்பித்தேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் ஒரு சோதனை எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்று பார்ப்பது எங்கள் தொழிலிலும் தினப்படி வேலைதான்.

முதலில் நஞ்சு

உணவில் வளரும் பூஞ்சை மூளையைத் தாக்குமா? தாக்கும். அதற்கு மிகத் தெளிவான சாட்சி சீனாவில் இருக்கிறது. அங்கே தெற்கில் வெட்டிய கரும்பைக் குளிர்காலம் முழுக்கச் சேமித்து வைத்து, வசந்தத்தின் தொடக்கத்தில் வடக்கில் விற்பார்கள். அந்தக் கரும்பில் ஆர்த்ரினியம் என்ற பூஞ்சை வளர்ந்துவிடும். 1972 முதல் 1989 வரை பதிவானவர்கள் 884 பேர், இறந்தவர்கள் 88 பேர். பெரும்பாலும் குழந்தைகள். முதலில் வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, பிறகு வலிப்பு, நினைவிழப்பு. பிழைத்த சில குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்துக் கை கால்கள் தானாக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தன. ஸ்கேனில் மூளையின் அடியில் உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி இரண்டு பக்கமும் சேதமாகியிருந்தது.

நஞ்சின் பெயர் 3-நைட்ரோபுரோபியானிக் அமிலம். இனி '3-என்பி' என்று எழுதுகிறேன். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் டீஹைட்ரோஜினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. 3-என்பி அதோடு ஒட்டிக்கொண்டால் திரும்ப விடாது. ஆற்றல் அதிகம் தேவைப்படும் மூளைச் செல்கள் முதலில் சாகும்.

இங்கே ஒரு திருப்பம். இந்த நஞ்சு எலியின் மூளையில் உண்டாக்கும் சேதம் ஹன்டிங்டன் நோயில் வரும் சேதத்தைப் போலவே இருக்கிறது. அதனால் உலகம் முழுக்க ஆய்வகங்கள் 3-என்பியைப் புட்டியில் வாங்கி எலிகளுக்குக் கொடுத்து, அந்த நோய்க்கு மருந்து தேட ஆரம்பித்தன. கரும்பில் இருந்த நஞ்சு ஆய்வகக் கருவியானது இப்படித்தான்.

மைசூரிலும் சண்டிகரிலும்

இந்தியாவில் இதைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஷினோமோலும் முரளிதராவும். 2008-ஐ ஒட்டிய வருஷங்களில் வல்லாரையையும், பிறகு நீர்ப்பிரம்மியையும் எடுத்து, பருவமடையாத சுண்டெலிகளில் 3-என்பிக்கு எதிராகச் சோதித்தார்கள். சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் புனீத் குமாரும் அனில் குமாரும் எலிகளில் மஞ்சளின் குர்குமினையும், அமுக்கரா வேரின் சாற்றையும் இதே நஞ்சோடு மோதவிட்டார்கள்.

முடிவுகள் எல்லாமே செடிக்குச் சாதகம். செடி கொடுத்த எலிகளின் மூளையில் ஆக்சிஜனேற்றச் சேதம் குறைவு. குளூட்டதையோன் போன்ற பாதுகாப்புப் பொருட்கள் அதிகம். சண்டிகர் எலிகளின் நடமாட்டமும் நினைவும்கூட மேம்பட்டன. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் படித்தது இவ்வளவுதான். 'வல்லாரை மூளையைப் பூஞ்சை நஞ்சிலிருந்து காக்கிறது' என்று எழுதிவிட்டேன்.

அந்த ஆய்வுகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கவனமாகச் செய்யப்பட்டவை. தலைப்பிலேயே 'முன்கூட்டியே கொடுத்தால்' என்று நேர்மையாகப் போட்டிருக்கிறார்கள். அவை பதில் சொன்ன கேள்வி ஒன்று. நான் கேட்ட கேள்வி வேறு.

இடிக்கிற இடங்கள்

ஒன்று, வரிசை. செடி முதலில், நஞ்சு பிறகு. பல நாள் வல்லாரைச் சாறு கொடுத்துத் தயார்படுத்திய எலிக்குத்தான் நஞ்சு போகிறது. தின்ற பிறகு வல்லாரை கொடுத்தால் என்ன ஆகும் என்பது இந்தச் சோதனையில் இல்லை. 'முறிமருந்து' என்று நாம் சொல்வது பின்னால் கொடுப்பதைத்தான்.

இரண்டு, வாசல். எலிக்கு நஞ்சு உணவில் போகவில்லை, ஊசியாக வயிற்றறைக்குள் போகிறது. அதுவும் சில நாளில் முடிகிற பெரிய அளவு. மனிதன் பூசணக் கடலையைத் தின்றால் அது குடல், கல்லீரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில் போகும். கடலையில் இருக்கும் நஞ்சும் வேறு. அது அஃப்லாடாக்சின், அதன் முதல் இலக்கு கல்லீரல். ஒரு பூஞ்சை நஞ்சுக்கு எதிராகக் கிடைத்த முடிவை இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுத்தது ஆய்வாளர்கள் இல்லை, நான்.

மூன்று, அளவுகோல். மைசூர் கட்டுரைகளில் அளந்தவற்றில் பெரும்பகுதி ஆக்சிஜனேற்றக் குறிகாட்டிகள். அவை முக்கியம்தான். ஆனால் சர்வர் லாகில் எரர் குறைந்தது என்பதும், வாடிக்கையாளருக்குச் செயலி வேலை செய்தது என்பதும் வேறு வேறு.

நான்கு, அளவு. குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்தபோது இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. 20 மில்லிகிராம் பிப்பெரின், அதாவது மிளகின் காரப் பொருள், சேர்த்ததும் 20 மடங்கு ஏறியது. 'மஞ்சளோடு மிளகு' என்று நீங்கள் பார்க்கும் வாட்ஸ்அப் செய்திகளின் மூலம் இதுதான். ஆனால் மஞ்சள்பொடியில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 2 கிராம் குர்குமினுக்கு அறுபது எழுபது கிராம் மஞ்சள்பொடி வேண்டும். அம்மா போட நினைத்தது ஒரு கரண்டி. 2017-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் குர்குமின் பற்றிய மொத்த ஆய்வுகளையும் திரும்பப் பார்த்தார்கள். 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருந்தும், இரட்டை மறைப்பு முறையில் செய்த எதுவும் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள்.

ஐந்து, இது எனக்குத்தான் ரொம்ப உறுத்தியது. இந்த வகைக் கட்டுரைகளில் நான் படித்த எதிலும் 'இந்தச் செடி வேலை செய்யவில்லை' என்ற முடிவைப் பார்க்கவில்லை. நஞ்சு அதே, அளக்கும் பட்டியல் அதே, செடி மட்டும் மாறுகிறது, எல்லாச் செடியும் பாஸ். எங்கள் அலுவலகத்தில் எந்த மாற்றம் செய்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் ஒன்று இருந்தால், முதலில் அந்த டெஸ்டைத்தான் சந்தேகப்படுவோம்.

திருச்சூர் வாத்துக்குஞ்சுகள்

கடலையின் நஞ்சுக்கே நேரடியாக மஞ்சளைச் சோதித்த ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. செங்கோட்டை கணவாயைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய் வடக்கே திரும்பினால் திருச்சூர். அங்கே அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் சோனி, ராஜன், குட்டன் மூவரும் 1992-இல் வெளியிட்டது. வாத்துக்குஞ்சுகளுக்கு நாளுக்கு 5 மைக்ரோகிராம் வீதம் 14 நாள் அஃப்லாடாக்சின் கொடுத்தார்கள். கல்லீரலில் ஏற்பட்ட சேதம் மஞ்சளாலும் குர்குமினாலும் கணிசமாகக் குறைந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு சோதனை உண்டு. யாரும் அதைப் பகிர்வதில்லை. மஞ்சள், பூண்டு, பெருங்காயம் மூன்றின் சாறும் பூஞ்சை நஞ்சு தயாரிப்பதையே 90 சதவீதத்துக்கு மேல் தடுத்தன. ஆனால் தனியாகப் பிரித்த குர்குமின் அந்தத் தயாரிப்பை ஒன்றும் செய்யவில்லை. முழு மஞ்சளுக்கும் அதிலிருந்து எடுத்த ஒரு சேர்மத்துக்கும் வேலை வேறு என்பது இதன் பாடம். மாத்திரையில் அடைத்த குர்குமினை விற்கிறவர்கள் முழு மஞ்சளின் முடிவை மேற்கோள் காட்டும்போதும், மஞ்சளை விற்கிறவர்கள் குர்குமினின் முடிவைக் காட்டும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, தயாரிப்பைத் தடுப்பது பூஞ்சை வளரும்போது நடக்கிற காரியம். ஏற்கெனவே நஞ்சு ஊறிய பருப்பின் மேல் மஞ்சள் தூவினால் அது போகாது. வறுத்தாலும் கொஞ்சம் குறையுமே தவிர முழுசாக அழியாது. அடுப்புச் சூட்டைத் தாங்கும் நஞ்சு அது.

நல்ல ஆதாரம் எப்படி இருக்கும்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்த தாவரப் பொருளும் உண்டு. சீனாவின் சீடோங் வட்டாரத்தில் மக்கள் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டுக் கல்லீரல் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே 180 பேரில் பாதிப் பேருக்கு, இலைப் பச்சையத்திலிருந்து தயாரிக்கும் குளோரோஃபிலின் 100 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, நான்கு மாதம் கொடுத்தார்கள். இன்னொரு பாதிக்கு வெற்று மாத்திரை. 2001-இல் வந்த முடிவு: அஃப்லாடாக்சின் மரபணுவைச் சேதப்படுத்தியதற்கான அடையாளம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்திருந்தது. உண்மையான மனிதர்கள், உண்மையான உணவு, ஒப்பிட ஒரு குழு. நல்ல சோதனை என்றால் இது.

ஆனால் சீடோங்கில் கல்லீரல் புற்றுநோய் மரணம் பாதியளவுக்குக் குறைந்தது அந்த மாத்திரையால் இல்லை. 1980-களில் பொருளாதாரக் கொள்கை மாறியதும் மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். 1989-இல் இரத்தத்தில் தெளிவாகத் தெரிந்த அஃப்லாடாக்சின் அடையாளம், 2009-இல் பெரும்பாலோரிடம் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு இறங்கியது. உலகத்திலேயே சிறந்த தடுப்பு மாத்திரைச் சோதனை நடந்த ஊரில் ஜெயித்தது சோற்றுப் பானை.

மாற்று உணவு இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே கதை இருக்கிறது. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேர் நோயுற்றார்கள், 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்தான் அதை ஆராய்ந்தது. அவர்களிடம் மஞ்சள் இல்லாமலா இருந்திருக்கும்? இல்லாமல் போனது நல்ல தானியமும், அதைக் காயவைக்க வெயிலும்.

அப்போ மாட்டுக்காவது போடுவோமா?

இதுதான் அம்மாவின் அடுத்த கேள்வி. பக்கத்து வீட்டில் கறவை மாடு நிற்கிறது, வீணாகப் போகாதே என்று.

மாடு தின்னும் அஃப்லாடாக்சினில் ஒரு பங்கு எம்1 என்ற வடிவில் ஒரே நாளில் பாலில் வந்துவிடும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து 2019-இல் அறிக்கை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தான கலப்படம் இருந்தது 12 மாதிரிகளில் மட்டும். அஃப்லாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியது 368 மாதிரிகளில். அதில் முதலிடம் தமிழ்நாடு, 551-க்கு 88. ஆறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். காரணம் தீவனம் என்று ஆணையமே சொன்னது. மூளைக்கு வல்லாரை தேடுகிற நாம், பிள்ளைகள் குடிக்கிற பாலுக்குப் பின்னால் இருக்கும் புண்ணாக்கைப் பற்றி எங்கே பேசினோம்?

குற்றாலத்துப் பொடி

கடைசியாக அந்த வல்லாரைப் பொடி. அருவிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் நான் வாங்கியதுதான். சீசனில்தான் அதற்கு வியாபாரம், அதே சீசனில்தான் காற்றில் ஈரம். டப்பாவைத் திறந்தால் பொடி கட்டி தட்டி, பூசண வாடை. அந்தக் கடையை நான் குறை சொல்லவில்லை. ஒரு மாதமாக மூடியைச் சரியாக மூடாமல் வைத்திருந்தது எங்கள் வீட்டிலும்தான். ஆனால் உலர்ந்த மூலிகையும் பூஞ்சைக்கு உணவுதான். சேமித்து வைத்த மூலிகைகளில் அஃப்லாடாக்சின் இருப்பதை 1988-லேயே பாகல்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். கவசம் என்று நினைத்து வாங்கியதே நஞ்சைக் கொண்டுவரலாம்.

என்ன செய்தோம்

கொஞ்சம் கணக்குப் போட்டேன். மிக மோசமாகக் கெட்ட ஒரே ஒரு கடலைப் பருப்பில் கிராமுக்கு 1 மில்லிகிராம் அளவுக்குக்கூட அஃப்லாடாக்சின் அளந்திருக்கிறார்கள். அரை கிராம் பருப்பு என்றால் 500 மைக்ரோகிராம். நேரடியாக உண்ணும் கடலைக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு பருப்பு 50 கிலோ கடலையைக் கெடுக்கப் போதும். திருப்பிப் பார்த்தால் இது நல்ல செய்தி. நஞ்சு சாக்கு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை, சில பருப்புகளில் குவிந்திருக்கிறது. கறுத்தது, சுருங்கியது, பூச்சி அரித்தது, நிறம் மாறியது, இவற்றைப் பொறுக்கி எறிந்தாலே பெரும்பகுதி போய்விடும். எங்க ஆச்சி முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் செய்த வேலை அது. வாயில் கசந்த கடலையைத் துப்பச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

எங்கள் சாக்கு பொறுக்குகிற நிலையைத் தாண்டிவிட்டது. குழி தோண்டிப் புதைத்தோம். பொடியையும் சேர்த்துத்தான். அடுத்த கடலையை ஆனிக்கு முன்னால், நல்ல வெயிலில், கையில் குலுக்கினால் கலகலன்னு சத்தம் வரும்வரை காயப்போட்டு, இறுக்கமான டின்னில் வைக்க முடிவு. செக்கில் ஆட்டக் கொடுப்பதானாலும் பொறுக்கிய பிறகுதான். சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்க்கும் கட்டத்தில் நஞ்சு போய்விடும், செக்கு எண்ணெய்க்கு அந்தக் கட்டம் கிடையாது. விதை நன்றாக இருந்தால்தான் செக்கு எண்ணெய் நன்றாக இருக்கும்.

வல்லாரைக் கீரையை நிறுத்தவில்லை. பச்சையாகக் கிடைக்கும்போது துவையல் அரைக்கிறோம், ருசிக்காக.

பழைய குறிப்பை நீக்கவில்லை. அதைப் படித்துவிட்டு என் அம்மாவைப் போல வேறு யாராவது ஒரு சாக்கு கடலையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கலாம் என்பதால், அதன் தலையில் இந்த வரிகளைச் சேர்த்திருக்கிறேன்: 'கீழே எழுதியிருப்பது எலிகளுக்கு, நஞ்சுக்கு முன்னால், ஆய்வகத்தில் நடந்தது. உங்கள் வீட்டில் பூசணம் பிடித்திருந்தால் எந்தச் செடியையும் தேடாதீர்கள். தூக்கிப் போடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.'